பன்னிரண்டு இலக்க எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

293318625600. இந்த எண் எத்தனை எண்களால் மீதியின்றி வகுபடும்? அந்தக் காரணிகளை எல்லாம் கூட்டினால் எவ்வளவு வரும்? இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? கேள்விகள் வேறுவேறு மாதிரித் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றுதான்: எண்ணின் பகாக் காரணிகள். அது கைக்கு வந்துவிட்டால் மற்றவை சில பெருக்கல்களில் முடிந்துவிடும்.

வேண்டியவை ஒரு தாள், ஒரு பேனா, 20 வரைக்குமான பகா எண்கள் (2, 3, 5, 7, 11, 13, 17, 19). கால்குலேட்டர் இருந்தால் கடைசியில் சரிபார்க்கப் பயன்படும். முதலிலேயே அதை எடுக்க வேண்டாம். பல சாதாரணக் கால்குலேட்டர்களில் 8 அல்லது 10 இலக்கங்களுக்குத்தான் இடம், நம் எண்ணுக்கு 12 இலக்கம்.

முதல் வேலை: எண்ணைச் சரியாக எழுதுவது

சிரிக்க வேண்டாம், பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. வாயால் படித்துப் பார்க்க இது நல்லது. ஆனால் கீழே வரும் ஒரு சோதனைக்கு மும்மூன்று இலக்கமாக வெட்ட வேண்டும்: 293 | 318 | 625 | 600. கோடி, லட்சக் காற்புள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு அந்தச் சோதனையைப் போட்டால் விடை தவறாகவே வரும். இரண்டு வடிவத்தையும் தாளின் மேலே தனித்தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 2+9+3+3+1+8+6+2+5+6+0+0 = 45. இதை ஓரத்தில் குறித்து வையுங்கள். எங்காவது ஓர் இலக்கம் மாறிப்போனால் இந்தக் கூட்டல் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் மட்டும் காட்டாது: 293318652600 என்று எழுதினாலும் கூட்டல் 45-தான். அதைப் பிடிக்க 11-இன் சோதனை வேண்டும். வலக்கோடியிலிருந்து எண்ணி, ஒற்றை இடத்து இலக்கங்களைத் தனியாகவும் இரட்டை இடத்து இலக்கங்களைத் தனியாகவும் கூட்டுங்கள். சரியான எண்ணில் ஒற்றை இடங்கள் 0+6+2+8+3+9 = 28, இரட்டை இடங்கள் 0+5+6+1+3+2 = 17, வித்தியாசம் 11. இடம் மாறிய எண்ணில் 31-உம் 14-உம் வரும், வித்தியாசம் 17. உடனே தெரிந்துவிடும்.

இந்த இரண்டு கூட்டலிலேயே நமக்குக் கொஞ்சம் லாபமும் உண்டு. 45 என்பது 9-ஆல் வகுபடுவதால் எண்ணும் 9-ஆல் வகுபடும். வித்தியாசம் 11 என்பதால் எண் 11-ஆலும் வகுபடும்.

வகுக்காமலே கண்டுபிடிக்கக்கூடியவை

2-இன் அடுக்கை முதலில் பாருங்கள். கடைசியில் இரண்டு சுழியம் இருப்பதால் 4-ஆல் வகுபடும் என்று சொல்லிப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கக் கூடாது. கடைசி மூன்று இலக்கம் 600, அது 8-ஆல் வகுபடும். கடைசி நான்கு 5600, அது 16-ஆல் வகுபடும். கடைசி ஐந்து 25600 = 32 × 800. கடைசி ஆறு 625600 = 64 × 9775. கடைசி ஏழு 8625600-ஐ 128-ஆல் வகுத்தால் 64 மீதி. ஆக 2⁶ உண்டு, 2⁷ இல்லை.

காரணம் எளிது. 10 என்பது 2 × 5. ஆகவே 1000 என்பது 8-ஆல் வகுபடும், 10000 என்பது 16-ஆல் வகுபடும். முன்னால் என்ன இலக்கம் இருந்தாலும் அது 8-இன் அல்லது 16-இன் மடங்காகவே போய்விடும். வாலை மட்டும் பார்த்தால் போதும்.

இப்போது 1001. இதுதான் இந்த வேலையில் மிக இலாபமான சோதனை, ஏனென்றால் 1001 = 7 × 11 × 13. மூன்று பகா எண்களை ஒரே வீச்சில் பார்த்துவிடலாம். மும்மூன்றாக வெட்டிய துண்டுகளை வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள்:

600 − 625 + 318 − 293 = 0

வந்த விடை 7-ஆல் வகுபட்டால் எண்ணும் 7-ஆல் வகுபடும். 11, 13-க்கும் அப்படியே. இங்கே சுழியமே வந்துவிட்டது, ஆகவே எண் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். கூட்டல், கழித்தல் குறியைக் குழப்பிக்கொள்வதுதான் இங்கே வழக்கமான தவறு. எப்போதும் வலக்கோடித் துண்டில் கூட்டலாகத் தொடங்குங்கள். விடை எதிர்மறையாக வந்தாலும் பரவாயில்லை, குறியை விட்டுவிட்டு வகுத்துப் பாருங்கள்.

அதே துண்டுகளைக் கழிக்காமல் வெறுமனே கூட்டினால் 27-க்கும் 37-க்கும் சோதனை ஆகிவிடும் (999 = 27 × 37). 600+625+318+293 = 1836. இது 27 × 68, ஆகவே எண் 27-ஆல் வகுபடும். 37-ஆல் வகுத்தால் 23 மீதி, ஆகவே 37 காரணி அல்ல.

உரித்தெடுப்பது

சோதனைகள் போதும், இனி உண்மையாகவே வகுக்கலாம். எளிதானதை முதலில் எடுங்கள்.

100-ஆல் வகுக்க: 2933186256. இதில் 2²-உம் 5²-உம் போய்விட்டன. கடைசி இலக்கம் 6 என்பதால் இனி 5 கிடையாது.

நான்கு முறை பாதியாக்குங்கள்: 1466593128, 733296564, 366648282, 183324141. ஒற்றைப்படை வந்துவிட்டது. 2 மொத்தம் ஆறு முறை. வாலைப் பார்த்துச் சொன்னதும் இதுவே, ஆகவே தைரியமாகத் தொடரலாம்.

3-ஆல் வகுங்கள்: 61108047, 20369349, 6789783, 2263261. ஒவ்வொரு படியிலும் இலக்கக் கூட்டலைப் பாருங்கள்: 183324141-க்கு 27, பிறகு 27, 36, 48, கடைசியாக 22. 22 மூன்றால் வகுபடாது, அங்கே நிறுத்துங்கள். 3 நான்கு முறை. 48 என்ற இடத்தில் கவனம் வேண்டும். அது 9-ஆல் வகுபடாது, ஆனால் 3-ஆல் வகுபடும். "9 இல்லை" என்று சொல்லிவிட்டு 3-ஐயும் சேர்த்துக் கைவிட்டுவிடுவது சகஜம்.

கையில் மிச்சம் 2263261. இதை 2 | 263 | 261 என்று வெட்டிப் பாருங்கள். நடுத்துண்டு 263 என்பது இரண்டு ஓரத்தின் கூட்டல்: 261 + 2. நான்கு இலக்க எண்ணை 1001-ஆல் பெருக்கினால், கூட்டலில் மிகுதி அடுத்த துண்டுக்கு ஏறாதவரை, இந்த வடிவம்தான் வரும், ஏனென்றால் எண்ணை மூன்று இடம் தள்ளி வைத்து அதனுடன் அதையே கூட்டுகிறோம். ஆகவே வகுக்கவே வேண்டாம், 2263261 = 2261 × 1001. ஒரே மூச்சில் 7, 11, 13 மூன்றும் போய்விட்டன.

மிச்சம் 2261. இந்த அளவுக்கு வந்துவிட்டால் கடைசி இலக்கத்தை வெட்டிச் சோதிக்கும் முறை வசதி:

7-க்கு: கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழியுங்கள். 226 − 2 = 224 = 7 × 32. வகுபடும்.
13-க்கு: நான்கு மடங்கைக் கூட்டுங்கள். 226 + 4 = 230. வகுபடாது.
17-க்கு: ஐந்து மடங்கைக் கழியுங்கள். 226 − 5 = 221 = 17 × 13. வகுபடும்.
19-க்கு: இரண்டு மடங்கைக் கூட்டுங்கள். 226 + 2 = 228 = 19 × 12. வகுபடும்.

17-க்கான வரியில் 221-க்குள் 13 தெரிகிறதே என்று அதையும் காரணியாக எழுதிவிடாதீர்கள். அந்தச் சோதனை 17-ஐப் பற்றி மட்டுமே பேசும். 13-க்கு அதன் சோதனை தனியாக இருக்கிறது, அது இல்லை என்று சொல்லிவிட்டது.

2261 ÷ 7 = 323. இதைப் பகா எண் என்று நினைத்து நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். 323 என்பது 18² − 1, அதாவது 17 × 19. ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவான எண் (3-ஐத் தவிர) ஒருபோதும் பகா எண்ணாக இருக்காது. பொதுவான நிறுத்த விதி இது: மிச்சமுள்ள எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களைப் போட்டுப் பார்த்து எதுவும் வகுக்கவில்லை என்றால்தான் அது பகா எண். 323-இன் வர்க்கமூலம் 17.97, ஆகவே 17 வரை பார்த்தே தீர வேண்டும். 13-உடன் நிறுத்தியவர் ஏமாந்துபோவார்.

எல்லாம் சேர்த்தால்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

திருப்பிப் பெருக்கிச் சரிபாருங்கள். இரட்டை அடுக்குள்ளவற்றைத் தனியே வைத்தால் வேலை சுருங்கும். 2⁶ × 3⁴ × 5² × 7² என்பது (8 × 9 × 5 × 7)² = 2520² = 6350400. மீதி 11 × 13 × 17 × 19 = 46189. 6350400-ஐ 46189-ஆல் பெருக்க, தொடங்கிய எண் வந்து நிற்கும். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: இதை வகுக்கும் மிகப் பெரிய வர்க்க எண் 6350400. எண் முழுவதும் ஒரு வர்க்கம் அல்ல, 46189 வெளியே தொங்குகிறது.

காரணிகளை எண்ணுவது

ஒரு காரணியை உருவாக்குவது என்றால் ஒவ்வொரு பகா எண்ணிலும் எத்தனை எடுக்கலாம் என்று முடிவு செய்வதுதான். 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

அடுக்குடன் 1-ஐக் கூட்டாமல் பெருக்கினால் 6 × 4 × 2 × 2 = 96 என்று வரும். "எடுக்காமல் விடுவதும் ஒரு வழி" என்பதை மறப்பதால் வரும் தவறு இது. சந்தேகம் வந்தால் 12-இல் போட்டுப் பாருங்கள்: 2² × 3, ஆகவே 3 × 2 = 6. காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. சரியாக ஆறு.

இதே தந்திரத்தைத் திருப்பிப் போட்டால் வேறு விவரங்களும் கிடைக்கும். ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை? 2-ஐ எடுக்கவே கூடாது, ஆகவே 5040 ÷ 7 = 720. வர்க்க எண்களாக இருக்கும் காரணிகள் எத்தனை? அடுக்குகள் இரட்டைப்படையாக மட்டும் இருக்க வேண்டும்: 2-க்கு 0, 2, 4, 6 என நான்கு வழி, 3-க்கு மூன்று, 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு. மொத்தம் 48. இதை வகுக்காத மிகச் சிறிய எண் எது? 1 முதல் 22 வரை ஒவ்வொன்றையும் மேலே உள்ள பகாக் காரணிகளைக் கொண்டே கட்டிவிடலாம். 23-ஐக் கட்ட முடியாது.

காரணிகளின் கூட்டலும் பகாத் துணை எண்களும்

5040 காரணிகளையும் எழுதிக் கூட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளைத் தனியே கூட்டி, பிறகு பெருக்கினால் போதும். 2-க்கு 1+2+4+8+16+32+64 = 127. 3-க்கு 1+3+9+27+81 = 121. 5-க்கு 31, 7-க்கு 57. பிறகு 12, 14, 18, 20.

127 × 121 = 15367. 31 × 57 = 1767. இரண்டையும் பெருக்க 27153489. 12 × 14 × 18 × 20 = 60480. கடைசிப் பெருக்கல்: 27153489 × 60480 = 1642243014720.

இவ்வளவு நீளப் பெருக்கலில் கை தவறாமல் இருக்காது, ஆகவே சோதனை கட்டாயம். பெருக்கியவற்றில் 121 இருப்பதால் விடை 11-ஆல் வகுபட்டாக வேண்டும். ஒற்றை இடங்கள் 18, இரட்டை இடங்கள் 18, வித்தியாசம் சுழியம். 60480 ஒன்பதால் வகுபடும், விடையின் இலக்கக் கூட்டலும் 36. இரண்டும் பொருந்துகின்றன.

இந்தக் கூட்டலில் எண்ணும் அடக்கம். அதைக் கழித்தால் 1348924389120. எண்ணைவிட இது நான்கு மடங்குக்கும் மேல். தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் தன்னைவிட மிகுந்தால் அது மிகை எண். இது சாதாரண மிகை அல்ல.

1-க்கும் இந்த எண்ணுக்கும் இடையில், இதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணியே இல்லாத எண்கள், அதாவது பகாத் துணை எண்கள், எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணிலும் ஓர் அடுக்கைக் குறைத்து, பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்ததால் பெருக்குங்கள்: 2⁵×1, 3³×2, 5×4, 7×6, 10, 12, 16, 18. பெருக்கினால் 50164531200. நூற்றுக்கு ஏறக்குறைய 17.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியாது. 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் (3, 7, 11, 19) எல்லாம் இரட்டைப்படை அடுக்கில் இருந்தால்தான் அது நடக்கும். இங்கே 11-உம் 19-உம் ஒற்றையாக நிற்கின்றன. மூன்று வர்க்கங்களாக எழுத முடியும்: 64-ஐ வெளியே எடுத்தால் 4583103525, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 5. மீதி 7 வந்தால் மட்டுமே தடை.

வர்க்கமூலத்திலிருந்து தொடங்கும் வழி

சின்னக் காரணிகளைத் தேடாமல் நடுவிலிருந்து தொடங்கும் முறை ஒன்றும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் ஃபெர்மா சொன்னது. வர்க்கமூலத்தைவிடப் பெரிய அடுத்த முழு எண்ணை எடுங்கள், அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள், விடை ஒரு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றைக் கூட்டி மறுபடி.

நம் எண்ணின் வர்க்கமூலம் 541588-க்கும் 541589-க்கும் இடையில். 541589² = 293318644921. கழித்தால் 19321. இது 139². முதல் முயற்சியிலேயே விழுந்துவிட்டது!

293318625600 = 541589² − 139² = (541589 − 139)(541589 + 139) = 541450 × 541728

இரண்டையும் பகாக் காரணிகளாக்கிப் பாருங்கள்: 541450 = 2 × 5² × 7² × 13 × 17, 541728 = 2⁵ × 3⁴ × 11 × 19. முன்னே கண்ட எட்டுப் பகா எண்களும் இரண்டு கூடைகளில் பிரிந்து கிடக்கின்றன. பெருக்கினால் நம் எண் வரும் இணைகள் 2520. அவற்றில் மிக நெருக்கமான இணை இதுதான்.

ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போனது

இந்த எண்ணை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் தன் அளவுக்குக் காரணிகள் இல்லை என்றால் அது உயர் பகு எண். 12, 60, 5040 எல்லாம் அந்த வகை. ராமானுஜன் இவற்றைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியலிட்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று விடுபட்டுப்போனது: 293318625600.

பட்டியலில் அக்கம்பக்கத்தைப் பார்த்தால் அது எப்படித் தனித்து நிற்கிறது என்பது தெரியும். அதற்கு முந்தையது 240940299600, காரணிகள் 4800. அடுத்தது 321253732800, காரணிகள் 5376. இரண்டிலுமே 23 இருக்கிறது, 7 ஒரு முறைதான் வருகிறது. நடுவில் நிற்கும் நம் எண்ணில் 23 இல்லை, 7 இரண்டு முறை வருகிறது. அடுத்த எண்ணிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டு 21-ஆல் (3 × 7) பெருக்குங்கள், நம் எண் கிடைக்கும். 23-ஐ எடுத்ததும் காரணிகள் 5376-இலிருந்து பாதியாகி 2688. ஒரு 3 கூடியதால் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் ஏறி 3360. ஒரு 7 கூடியதால் ஒன்றரை மடங்கு, 5040. எண் சிறியதாகிவிட்டது, காரணிகளோ 4800-ஐத் தாண்டியே நிற்கின்றன.

வேடிக்கை என்னவென்றால் பட்டியலின் கடைசி எண் 6746328388800 என்பது விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவதுதான். இன்னொன்று: நம் எண்ணின் காரணிகள் 5040, 5040-இன் காரணிகள் 60, 60-இன் காரணிகள் 12, 12-இன் காரணிகள் 6, 6-இன் காரணிகள் 4. படிப்படியாக இறங்கும் ஒவ்வொன்றும் உயர் பகு எண்.

பிடி கொடுக்காத எண்: 4294967297

மேலே பார்த்த எண் பெரியது, ஆனால் சாது. இப்போது இரண்டு இலக்கம் குறைவான ஒன்று: 2³² + 1 = 4294967297. சோதனைகளை வரிசையாகப் போடுங்கள். இலக்கக் கூட்டல் 59, ஆகவே 3 இல்லை. 297 − 967 + 294 − 4 = −380, ஆகவே 7, 11, 13 மூன்றும் இல்லை. 17, 19, 23 என்று போய்க்கொண்டே இருக்கலாம், எதுவும் நடக்காது. 2, 2², 2⁴, 2⁸, 2¹⁶ ஆகியவற்றுடன் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று எல்லாம் பகா எண்கள். ஆகவே அடுத்ததும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்தால் 116-ஆவது முயற்சியில்தான் காரணி கிட்டும். சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டால் வேலை குறையும். ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால், அதைப் பொறுத்து 2³²-இன் மீதி −1, 2⁶⁴-இன் மீதி 1. 64-க்கு முன்னால் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. மறுபுறம், 2-ஐ (பகா எண் − 1) என்ற அடுக்குக்கு உயர்த்தினால் எப்போதும் மீதி 1. ஆகவே (பகா எண் − 1) என்பது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். தேட வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று சுருங்கிவிட்டன. ஐந்தாவதே விடை. 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இதை இன்னும் இறுக்கி 64-க்குப் பதில் 128 என்றே காட்டினார். அப்படியானால் 257, 641. இரண்டாவது முயற்சி!

641 வகுக்கிறது என்பதை வகுக்காமலே பார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து, 641-ஐப் பொறுத்து 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். ஆக −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1-இன் மீதி சுழியம்.

ஈவு 6700417. இது பகா எண்ணா? வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதுவரை சாதாரணமாகப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வகுக்க வேண்டும். 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. ஐந்தே வகுத்தலில் ஏழு இலக்க எண் பகா எண் என்று உறுதியாகிவிட்டது.

ஆக இந்தப் பத்து இலக்க எண்ணுக்குக் காரணிகள் நான்கே: 1, 641, 6700417, அதுவே. வர்க்கமூலத்திலிருந்து தொடங்கும் வழியை இதில் போட்டிருந்தால் 65537-இல் ஆரம்பித்து 32,84,993-ஆவது முயற்சியில்தான் கிடைத்திருக்கும், ஏனென்றால் இரண்டு காரணிகளும் அவ்வளவு தூரத்தில் கிடக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த வழி என்பதை எண்ணின் நீளம் சொல்லாது. ஒரு வழியில் பத்து நிமிடம் பார்த்து நகரவில்லை என்றால் வழியை மாற்றுங்கள்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை இரண்டு விதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². ஒரு பகா எண்ணை இப்படி ஒரு விதத்துக்கு மேல் எழுத முடியாது. ஆகவே இரண்டாவது விதம் கிடைத்த நிமிடமே, காரணி எது என்று தெரியாவிட்டாலும், இது பகா எண் அல்ல என்று சொல்லிவிடலாம்.

கணினியில் போடும்போது

எக்செல் போன்ற விரிதாள்களில் 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கங்கள் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். நம் எண்ணுக்கும் அதன் காரணிகளின் கூட்டலுக்கும் ஆபத்தில்லை. ஆனால் இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் வால் பொய்யாக இருக்கும், அதில் 11-இன் சோதனை போட்டால் எதுவும் ஒட்டாது.

நிரல் எழுதுபவர்களுக்கு வேறு பொறி இருக்கிறது. 32 பிட் முழு எண்ணில் 4294967297-ஐத் திணித்தால் பெரும்பாலும் அது 1 ஆகிவிடும், 293318625600 என்பது 1260849472 ஆகிவிடும். பிழைச் செய்தி வராமல் போகலாம், நிரலும் அந்த வேறு எண்ணுக்குக் காரணிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். 64 பிட் எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு நீள வரம்புத் தொல்லை இல்லை, ஆனால் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடை தசம எண்ணாக மாறிவிடும். மிகப் பெரிய எண்களில் அது கடைசி இலக்கங்களைத் தின்றுவிடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

பழகிப் பார்க்க

முதலில் 6746328388800-ஐ எடுத்து, விடையைப் பார்க்காமல் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள். காரணிகள் 10080 என்று வர வேண்டும். 5040 வந்தால் 23-ஐ விட்டிருக்கிறீர்கள். வர்க்கமூல விதிப்படி நிற்காமல் 19-உடன் நிறுத்தியவர்களுக்குத்தான் அது வரும்.

அடுத்து சதுரங்கப் பலகையின் நெல்மணிக் கணக்கு. முதல் கட்டத்தில் ஒன்று, பிறகு கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பு என்று 64 கட்டமும் வைத்தால் மொத்தம் 18446744073709551615. இருபது இலக்கம். இதை நேரடியாக வகுக்கத் தொடங்க வேண்டாம். இது 2⁶⁴ − 1, ஆகவே (2³² − 1)(2³² + 1). இரண்டாவது நமக்குத் தெரிந்தது: 641 × 6700417. முதலாவதை மறுபடி அதே மாதிரி உடையுங்கள்: (2¹⁶ − 1)(2¹⁶ + 1), பிறகு (2⁸ − 1)(2⁸ + 1), இப்படியே இறங்கினால் 3, 5, 17, 257, 65537. மொத்தம் ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. காரணிகள் 2⁷ = 128.